நாய்க்கும் உண்டோ அநுமானம்?

கேள்வி: மீன்காரரின் ஹோண் கேட்டவுடன் எங்கள் நாய் படலைக்கு ஓடுகிறதே, இது தர்க்கமா, வெறும் பழக்கமா?
(வாசகர், தேற்றாத்தீவு)

பதில்: சட்டியும் கையுமாக அதற்கு முன்னரே படலையில் நிற்கும் உமக்கு எது என்று முதலிற் சொல்லும்!

மலையிற் புகை கண்டு அங்கே நெருப்புண்டெனத் துணியும் அநுமானத்துக்குப் பக்கம் (துணியும் கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்) என்னும் உறுப்புக்கள் வேண்டுமென்று, நம் வீட்டு அடுக்களையையே உதாரணமாக வைத்து மணிமேகலையின் 29ஆம் காதை விஸ்தரித்திருக்க, 1913இல் அமெரிக்க உளவியலாளரான ஜோன் வாட்சன், உள்ளத்தை ஆராய்வதை விடுத்து வெளிப்படும் நடத்தையை மாத்திரம் நோக்கினாற் போதுமென்று சாதித்தார். அவர் வழியே போனால் நாயின் அநுமானத்தோடு உம்முடையதும் போய்விடும், அதற்குச் சம்மதமா?

ஒன்று மெய். மீன்காரர் பல நாள் வெறும் பெட்டியோடு ஹோண் அடித்துக்கொண்டு போவாராயின், ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் மணியோசையையும் நாயின் உமிழ்நீரையும் வைத்துக் கண்டவாறே, அந்த ஓட்டம் மெல்ல மெல்ல ஓயும். ஓய்ந்த பழக்கம் சிலகால இடைவெளிக்குப் பின்னர் தானாகவே தலைதூக்கும் என்பதும் அவர் கண்டதே. இதற்குத் திட்டாந்தம், தேர்தல் ஒலிபெருக்கி கேட்டதும் படலைக்கு ஓடும் நம்மவர்.