வக்காலத்தில் ஒரு வரி

கேள்வி: வருமான வரி அப்பீலில், 'பாதித் தொகையை வருமானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று என்னைக் கேட்காமலே என் வக்கீல் தீர்ப்பாயத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார். அது என்னைக் கட்டுப்படுத்துமா?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: முதலில் வக்காலத்தை எடுத்துப் படியுங்கள். அச்சடித்த ஃபாரத்தில், பூதக்கண்ணாடிக்கும் எட்டாத எழுத்தில், 'ராஜி செய்துகொள்ளவும்' என்று எங்காவது இருக்கும். அதற்குக் கீழேதான் உங்கள் கையெழுத்து! அது இருந்தால் உங்கள் பாடு சிரமம்.

இல்லையென்றால் வழியுண்டு. கட்சிக்காரரின் முக்கிய உரிமையை விட்டுக்கொடுக்கத் தெளிவான அனுமதி வேண்டும் என்று 2015-ல் ஹிமாலயன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டம் பற்றித் தப்பாக ஒப்புக்கொண்டாலும் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 'பணம் வந்தது நிஜம்தான்' என்பதுபோல உண்மை விவரத்தை ஒப்புக்கொண்டிருந்தால், பெரும்பாலும் வசமாக மாட்டிக்கொண்டீர்கள்.

உத்தரவில் 'வக்கீல் ஒப்புக்கொண்டார்' என்று பதிவாகியிருந்தால், மேல்கோர்ட்டில் போய் அழுது பயனில்லை. சூடு ஆறுமுன் அதே நீதிபதிகளிடமே முறையிட வேண்டும். இது 1982-லிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லிவரும் விதி. உடனே மனுப் போடுங்கள். அதற்கும் அதே வக்கீலிடம் போய் நிற்காதீர்கள். மீதிப் பாதியையும் ஒப்புக்கொண்டுவிடுவார்.