பம்பர் வள்ளல்

பம்பர் வள்ளலைத் தேடி அலைய வேண்டியதில்லை. செங்கோட்டைப் பக்கத்து ஊர் எதுவானாலும் காலையில் டீக்கடை பெஞ்சில் அகப்படுவார். தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்கு 2003-இல் தடை வந்தது. அவருடைய தரும சிந்தனைக்கு எந்தத் தடையும் வரவில்லை. எல்லை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவுக்கு பஸ் ஏறிப் போய், 500 ரூபாய் கொடுத்து ஓணம் பம்பர் சீட்டு ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார் என்றால், அந்த நிமிடம் முதல் ஊரே அவர் பொறுப்பு. முதல் பரிசு 25 கோடி. பள்ளிக்கூடத்துக்கு நாலு வகுப்பறை, குளத்துக்குத் தூர்வாரல், இல்லாதவர்களுக்கு இலவசக் கல்யாண மண்டபம், அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம், ஊர் எல்லையில் ஓர் அலங்கார வளைவு. வளைவில் யார் பெயர் என்று கேட்டால், “ஊரே ஆசைப்பட்டா நாம என்னவே செய்ய?” என்பார்.

இவரைக் கஞ்சன் என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. இவருடைய தாராளம் உண்மையானது. பணம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தாராளம். சீட்டு வாங்கிய அன்று 25 கோடியும் ஊருக்குத்தான். குலுக்கலுக்கு ஒரு மாதம் இருக்கையில் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் நினைவுக்கு வரும். மிச்சத்தில் 30 சதவீத வருமான வரி, அதன் தலையில் சர்சார்ஜ், செஸ். கைக்கு வருவது 16 கோடிக்கும் கீழே என்று தெரிந்ததும் நாலு வகுப்பறை இரண்டாகிறது. குளத்தை “கவர்மெண்டு பாத்துக்கிடும்”. குலுக்கலுக்கு முந்தின வாரம் மகனுக்குத் தென்காசியில் ஒரு மனையும் மாப்பிள்ளைக்கு ஒரு காரும் பட்டியலில் ஏறி, கல்யாண மண்டபம் வாடகை மண்டபமாகிவிடும். வளைவு மட்டும் ஓர் அடிகூடக் குறைவதில்லை. குலுக்கலில் பரிசு வேறெவருக்கோ விழுந்த மறுநாள், பணம் பழையபடி எட்டாத தூரத்துக்குப் போய்விட, வகுப்பறைகள் நாலும் திரும்பி வந்துவிடும். கேரளத்தில் ஆண்டுக்கு ஆறு பம்பர். ஆக, ஊர் ஆண்டுக்கு ஆறு முறை இவரால் காப்பாற்றப்படுகிறது.

கனவு காண்பதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 500 ரூபாய் போவது நஷ்டமல்ல. பள்ளிச் சுற்றுச்சுவருக்கு வசூல் நோட்டுடன் நாலு பேர் வரும்போது, “இந்த அம்பதும் நூறும் எதுக்குவே? விழட்டும், மொத்தமா கட்டித் தாரேன்” என்று சொல்லி அனுப்புகிறாரே, அதுதான் நஷ்டம். வராத கோடி, இருக்கிற நூறைத் தடுத்துவிடுகிறது. சின்னத் தொகையால் ஒன்றும் ஆகாது என்ற வாதமும் கணக்கில் நிற்காது. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடுகிறது. 200 வீடுகள் ஆளுக்கொரு பம்பர் சீட்டின் விலையைக் கொடுத்தால் ஒரு லட்சம். அரசுப் பங்கும் சேர்ந்தால் மூன்று லட்சத்துக்கு வேலை. இந்தப் பரிசுக்குக் குலுக்கலே கிடையாது.

பெரும்பணம் பெரிய காரியம் செய்ததில்லையா என்றால், செய்திருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1947-இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கே வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். ஆனால் அவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கவில்லை, கூடவே நின்றார். நிற்க ஆளில்லாத பணத்தின் கதை பச்சையப்ப முதலியாருடையது. 1794-இல் தருமத்துக்கென்று எழுதி வைத்துவிட்டு அவர் மறைந்தார். சொத்து வழக்கில் சிக்கிக் கிடந்து, அவர் பெயரில் பள்ளி திறக்க 1842 ஆயிற்று. பணம் இருந்தும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஒரு பலகைகூட வாங்க முடியவில்லை.

ஊருக்குக் குறைவாக இருப்பது பணத்தைவிட, வேலையைப் பின்தொடர்ந்து ஓடும் ஆள். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தகுதி பம்பர் வள்ளலிடம் நிறைய இருக்கிறது. எந்த வகுப்பறை ஒழுகுகிறது, எந்தத் தெருவிளக்கு எத்தனை நாளாக எரியவில்லை, குளத்து மடை எங்கே உடைந்திருக்கிறது என்பதெல்லாம் பஞ்சாயத்து அலுவலகத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வசூல் நோட்டை அவரிடமே கொடுத்தால் என்ன? வாங்க மாட்டார். “பத்து ரூவாய்க்கு நூறு கேள்வி கேப்பானுவ” என்பார். நியாயமான பயம். விழாத 25 கோடிக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. அதன் பெரிய வசதியே அதுதான். ஆகவே அவரைச் சரிசெய்ய ஒரே வழி, கனவுக்கும் கணக்குக் கேட்பது. வளைவுக்கு டெண்டர் விட்டாயிற்றா, எஸ்டிமேட் எவ்வளவு, மூன்று கொட்டேஷன் வாங்கினீர்களா என்று தினமும் விசாரியுங்கள். ஒரு வாரத்தில் ஒன்று டீக்கடையை மாற்றிக்கொள்வார், அல்லது இதற்கு அதுவே மேல் என்று நோட்டைக் கையில் வாங்கிக்கொள்வார். எது நடந்தாலும் ஊருக்கு ஆதாயம்தான்.