ஆள் வைக்கப் போகிற அண்ணாச்சி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாலைக் கடைத்தெருப் பக்கம் திரும்பினால் போதும், தேங்காயெண்ணெய் மணமே உங்களைச் சிப்ஸ் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய் நிறுத்திவிடும். இவர் தனி ஆள் இல்லை, ஒரு வகை. பாத்திரக் கடையிலும் பூக்கடையிலும் செருப்புக் கடையிலும் இதே அண்ணாச்சி வேறு சட்டையில் உட்கார்ந்திருப்பார். அடையாளம் ஒன்றே ஒன்று: "இந்த ஓணத்துக்கு முன்னால ஒரு ஆளு வச்சிரணும்" என்பார். போன ஓணத்துக்கு முன்னாலும் இதையேதான் சொன்னார்.

ஷட்டரைத் தூக்குவது, ஏத்தங்காய் உரிப்பது, சீவுவது, வறுப்பது, பொட்டலம் கட்டுவது, சில்லறை எண்ணுவது எல்லாம் அவரே. "ஒத்தைக்கு நின்னு சாகுதேன்" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பட்டம் வாங்கின களை தெரியும். வண்டியிலிருந்து குலை இறக்குவது மட்டும்தான் அவர் கையில் இல்லை. அது சுமட்டுத் தொழிலாளிகளின் வேலை, 1978-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. ஆக, அண்ணாச்சி தம் வாழ்நாளில் பிறத்தியார் கையில் விட்ட ஒரே காரியம் யூனியன் தயவால் நடந்தது.

ஆள் வைப்பதற்கு முன் மனசைத் தயார் பண்ண வேண்டும் அல்லவா? அதைத்தான் அவர் வருஷக் கணக்காகச் செய்துகொண்டிருக்கிறார். வரப்போகிறவனுக்குக் கணக்குத் தெரிய வேண்டும், கல்லாப் பக்கம் வரக் கூடாது. தமிழும் மலையாளமும் பேச வேண்டும், வாடிக்கைக்காரர்களிடம் பேச்சு வளர்க்கக் கூடாது. கெட்டிக்காரனாக இருக்க வேண்டும், ஆனால் தொழிலைக் கற்றுக்கொண்டு எதிர்ச்சாரியில் கடை போட்டுவிடக் கூடாது. மச்சினன் மகனை வைக்கலாம் என்றால், "சொந்தக்காரனைத் திட்ட முடியாது." வெளியாளை வைக்கலாம் என்றால், "நம்ப முடியாது." இத்தனை பொருத்தமும் உள்ளவர் இந்தக் கடைத்தெருவில் ஒருவர்தான். அவர் ஏற்கெனவே சம்பளமில்லாமல் அந்தக் கடையிலேயே வேலை பார்க்கிறார்.

இதில் வேடிக்கை, ஆள் வைப்பதிலும் பொறுப்பை ஒப்படைப்பதிலும் பெரிய பாடம் நடந்த மண் இது. 1741-ல் குளச்சல் சண்டையில் தோற்றுப் பிடிபட்ட டிலனாய் என்ற டச்சுப் படைக்காரரிடமே தம் பட்டாளத்தைப் பழக்கும் வேலையைக் கொடுத்தார் மார்த்தாண்ட வர்மா மகாராஜா. எதிரியாக வந்தவர் 'வலிய கப்பித்தான்' ஆனார். அவர் கல்லறை அண்ணாச்சியின் சொந்த ஊரான தக்கலைக்குப் பக்கத்தில், உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. 1750-ல் அதே மகாராஜா திருவிதாங்கூர் முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 'பத்மநாபதாசன்' என்று தாமே ஊழியக்காரராகிவிட்டார். ராஜ்ஜியமே கைமாறியிருக்கிறது, இங்கே கல்லாச் சாவி மாறமாட்டேன் என்கிறதே என்று கேட்டால் அண்ணாச்சி சொல்வார்: "ராஜாவுக்கு என்னவே? அவருக்கு உப்புத் தண்ணி விடுத வேலையா இருந்துச்சு?"

உப்புத் தண்ணீர்தான் அவருடைய படைக்கலம். சீவல் எண்ணெயில் விழுந்து நுரைத்து, முக்கால் வேக்காடு வந்ததும், மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி ஊற்ற வேண்டும். எண்ணெய் ஒரு சீறு சீறும். சீற்றம் அடங்கி, அரிகரண்டியால் புரட்டும்போது கலகலவென்று சத்தம் கேட்கிற அந்த நொடியில் அள்ளிவிட வேண்டும். முந்தினால் சவசவக்கும், பிந்தினால் கருகும். "இது சொல்லித் தார வித்தை இல்ல, காதுல கேக்கணும்" என்பார்.

கடைசியில் ஆள் வைத்தது அண்ணாச்சி இல்லை, வீட்டு ஆச்சி. வங்காளத்து முர்ஷிதாபாத்துப் பையன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "ஆளு வச்சாச்சு. இனி குறுக்க நிக்காதிய" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணாச்சி குறுக்கே நிற்கவில்லை, பின்னால் நின்றார். "ஏல மக்கா, தீயைக் கொறை. இப்பம் இல்ல. இந்தா, இப்பம். தள்ளு, நான் பாத்துக்கிடுதேன்." மூன்றாம் நாள் பையன் அரிகரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் பணிவாகச் சொன்னான்: "சேட்டன் மிண்டாதிருந்தா எனிக்கு கேக்காம்." நீங்கள் பேசாமல் இருந்தால் எனக்குக் கேட்கும்! அண்ணாச்சி வாயை மூடினார். சிப்ஸ் பதமாக வந்தது. ஒன்றை எடுத்துக் கடித்து, கண்ணை மூடி, வெகுநேரம் யோசித்து, "உப்பு ஒரு நுள்ளு கம்மி" என்றார். விட்டுக்கொடுக்க முடியுமா?

வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி கேட்கிற நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. அண்ணாச்சி கடையில் அது இன்னும் நடக்கிறது, கூலி மட்டும் கிடையாது. அதே வருஷம், கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் சட்டத்தைத் திருத்தினார்கள். அண்ணாச்சியும் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். பையன் உட்காருகிறான். உட்காராதவர் அண்ணாச்சிதான். அவருக்கு முழு நம்பிக்கை உள்ள ஊழியர் ஒருவர் மட்டும் உண்டு: போனில் பணம் வந்தால் தொகையைச் சத்தம் போட்டுச் சொல்லுகிற அந்தச் சின்ன ஸ்பீக்கர். தொகையைச் சொல்லும், தொடாது. எதிரே கடையும் போடாது.

இரண்டு ஓணம் போனது. வியாபாரம் பெருகி, பையன் தன் ஊரிலிருந்தே இன்னொரு பொடியனைக் கூட்டிவந்தான். பொடியன் கரண்டியைத் தொட்டதும் பின்னாலிருந்து வங்காள வாடையோடு ஒரு குரல்: "ஏல மொக்கா, தள்ளு, நான் பாத்துக்கிடுதேன்!" அண்ணாச்சிக்குப் புல்லரித்துப்போயிற்று. தொழிலை அச்சு அசலாகக் கைமாற்றிவிட்டார்.

இனி அவர் நிம்மதியாக ஊருக்குப் போய் வரலாம். ஆனால் பெரிய பையன் சின்னப் பையனைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறானா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த வேலைக்கு மட்டும் அண்ணாச்சி வெளியே ஆள் தேடவில்லை.