இங்கதான் இருந்துச்சி!

பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் கோலார் தங்கவயல் மாமா ஒருவர் கட்டாயம் இருப்பார். "கே.ஜி.எஃப். பக்கம் ஒருநாள் போய்ப் பார்க்கணும்" என்று வாய் தவறிச் சொன்னால் போதும், சனிக்கிழமைக்கு வண்டி ஏற்பாடாகிவிடும். நூறு கிலோமீட்டர்தான். மேப் வேண்டாம், வழி கேட்க வேண்டாம், மாமாவே கூட வருவார். அங்கேதான் வினை ஆரம்பம்.

மற்ற ஊர்க்காரர்கள் விருந்தாளிக்கு ஊரில் இருப்பதைக் காட்டுவார்கள். தங்கவயல் மாமா இல்லாததை மட்டுமே காட்டுவார்.

உரிகத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார். எதிரே பூட்டிய இரும்பு கேட். பின்னால் முட்புதர்.

"இங்கதான் இருந்துச்சி மாப்ள."

"என்ன மாமா?"

"எல்லாமே!"

அதோடு விடமாட்டார். நம் இரு தோள்களையும் பிடித்துச் சரியான கோணத்துக்குத் திருப்பி, ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு கட்டடம் கட்டுவார். இது வாசப்படி, இது டைம் ஆபீஸ், அப்பா டோக்கன் வாங்கின ஜன்னல் இது. "தெரியுதா?" என்பார். தெரியுது என்று சொல்லும்வரை வண்டியில் ஏறமாட்டார். வெயில் தாங்காமல் நாமும் "ஆமா மாமா, தெரியுது" என்போம். உடனே, "அங்க இல்ல மாப்ள, இந்தப் பக்கம் பாரு" என்று திருத்துவார்.

அடுத்த கேட். அடுத்த இருந்துச்சி. சினிமா கொட்டகை இருந்துச்சி. பேக்கரி இருந்துச்சி, அதன் பன் வாசனைகூட இருந்துச்சி. மூக்கை உறிஞ்சிக் காட்டுவார். மெஷின் ஷாப், பேண்டு வாத்தியம், வெள்ளைக்கார டாக்டர், டாக்டரின் நாய் எல்லாம் இருந்துச்சி. "போட்டோ எடுத்துக்கோ" என்று வேறு கட்டளை. மாலையில் என் போனைத் திறந்தால் வரிசையாகப் பூட்டிய கேட்டுகள். எந்த கேட் பேக்கரி, எந்த கேட் நாய் என்று இன்றுவரை எனக்கும் என் மனைவிக்கும் வழக்கு தீரவில்லை.

பேசுகிறவர் பொய்யர் அல்ல. ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் வந்து இறங்கியது நிஜம். சிவனசமுத்திரத்திலிருந்து 1902-லேயே கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தது நிஜம். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனதும், அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதித்ததும் நிஜம். ஆனால் மாமா சொல்லச் சொல்ல ஆழம் கூடும். காலை டிபனுக்கு 3 கிலோமீட்டர், மத்தியானம் 4, வீடு திரும்புவதற்குள் பாதாள லோகமே வந்துவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு சண்டை போட முடியாது. 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் டாடா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் வெளிநாட்டுக்காரர்களும் கருவி வைத்து நியூட்ரினோ துகளின் தடயத்தைப் பிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது இந்த ஊருக்கே அமைந்த ராசி போலிருக்கிறது.

இருப்பவை பக்கம் மாமா திரும்பவே மாட்டார். ஷாஃப்ட்டின் மேல் இரும்புக் கோபுரம் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது, "அது துருப்பிடிச்சிருச்சி, வா." பக்கத்திலேயே கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர், 108 அடி லிங்கம், "அது எங்க காலத்துல இல்ல." யஷ் நடித்த 'கே.ஜி.எஃப்.' படம் பார்த்த பையன்கள், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் ஏறவேண்டும் என்று குதித்தால் கோபமே வந்துவிடும். "படத்துல காட்டினது எங்க ஊரே இல்லடா! எங்க ஊர்ல பால்ரூம் டான்ஸ் இருந்துச்சி!"

இந்த பால்ரூமில்தான் எனக்குப் பொறுமை போகும். கிளப், கோல்ஃப் மைதானம், லிட்டில் இங்கிலாந்து என்று கண் சொக்கிப் பேசுகிறாரே, அது துரைமார் கிளப். மாமாவின் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து பாறை உடைத்தவர். அந்தப் படியில் அவர் கால் வைத்திருக்க முடியுமா? துரை ஆடிய டான்ஸுக்கு இவர் ஏன் தாளம் போடுகிறார்?

நாங்கள் போன அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டை மூன்று சுற்று சுற்றவைத்தார். பிரியாணிக் கடை இருந்துச்சியாம். இருந்த இடத்தில் போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். பசியில் கண் இருண்ட பிறகுதான், "சரி, அக்கா வீட்டுக்குப் போவலாம்" என்றார். இங்கே அக்கா இருப்பதையே அப்போதுதான் சொன்னார்!

அக்கா இருப்பது லைன் வீட்டில். ஒட்டி ஒட்டி வரிசை வீடுகள், குனிந்துதான் நுழையவேண்டும். தெருவில் கால் வைத்ததுமே மாமா மாறிப்போனார். திண்ணைக்குத் திண்ணை பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கிழவி ஒருத்தி காதைத் திருகினாள், ரிட்டையர்டு மனிதர் அரைடிராயர் பையனாக இளித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மணி நேரம் ஒரு "இருந்துச்சி"கூட வரவில்லை.

அக்கா ராகிக் களியும் கறிக்குழம்பும் போட்டார். தட்டை வைக்குமுன் முந்தானையால் ஒருமுறை துடைத்தார். காற்றடிக்கும் மாதங்களில் சயனைடு மேட்டு மண் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுமாம், கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில்கூடப் படியுமாம். மகன் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி சாப்பிடும் நேரத்துக்குத்தான் திரும்புகிறான். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியதிலிருந்து ஊரில் பலருக்குப் பிழைப்பு இதுதான். உள் அறையில் அக்காவின் வீட்டுக்காரர். பாறைத் தூசி தின்ற நுரையீரல், நாலு வார்த்தை பேச இரண்டு முறை மூச்சு வாங்குகிறது. இதில் ஒன்றையாவது மாமா வழிநெடுகச் சொன்னாரா? டாக்டரின் நாய்க்குப் பெயர் ஞாபகம் இருக்கிறது, கூடப் பிறந்தவள் குடிக்கிற தூசி ஞாபகமில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சிரிப்பு வரவில்லை.

திரும்பும்போது பங்காருபேட்டையில் பானிபூரிக்கு நிறுத்தினோம். இங்கே ரசம் பச்சைத் தண்ணீரைப் போல நிறமே இல்லாமல் இருக்கும். நாக்கில் பட்டதும்தான் காரம் உச்சந்தலைக்கு ஏறும். இதற்காகவே பெங்களூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மாமா உதட்டைப் பிதுக்கினார். "இதெல்லாம் பங்காருபேட்டை சமாச்சாரம் மாப்ள, நம்ம ஊரு இல்ல."

மூன்று பிளேட் சாப்பிட்டார். காசு நான்தான் கொடுத்தேன்.