ஒன்பதாம் வசனத்தோடு எழுந்துவிடுகிறவர்கள்

நம் ஊரில் கிறிஸ்தவரை அடையாளம் காண்பது சுலபம். வாசலில் எபெனேசர் என்று பெயர்ப்பலகை, காரின் பின்கண்ணாடியில் ஒரு வசனம், போனை எடுத்ததும் ஹலோவுக்குப் பதில் ஸ்தோத்திரம். இவற்றில் குறை ஒன்றுமில்லை. ஆனால் முதல் இரண்டும் கடையில் காசுக்குக் கிடைக்கும், மூன்றாவதற்குக் காசும் வேண்டாம். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது ஆவியின் கனி என்று 9 குணங்களைச் சொல்கிறார். அன்பு, நீடிய பொறுமை, தயவு, சாந்தம், இச்சையடக்கம் எல்லாம் அதில் உண்டு. குரல்வளம் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஒன்பதையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். பெரியவர்களின் நீடிய பொறுமையோ, ஆராதனை முடிந்து வண்டியை வெளியே எடுக்கும்வரைகூட நீடிப்பதில்லை.

ஒருவருடைய விசுவாசத்துக்குச் சாட்சி, அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்தான் என்பது என் கட்சி. இது புதிதல்ல. எரிகோவின் வரி வசூல்காரர் சகேயு மனம் மாறியதும் மேடை ஏறிச் சாட்சி சொல்லவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப என்று கணக்குச் சொன்னார். அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவித்தது கணக்கைக் கேட்ட பிறகுதான். மத்தேயு 25-ஆம் அதிகாரத்து நியாயத்தீர்ப்பில் பசி, தாகம், உடை, நோய், சிறை என்றுதான் விசாரணை போகிறது. எத்தனை உபவாசக் கூட்டத்துக்குப் போனீர் என்ற பேச்சே அங்கு இல்லை. யாக்கோபு இன்னும் கீழே இறங்கி, ஆலயத்தில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பதுவரை வந்துவிடுகிறார். பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம், கந்தைக்காரருக்குக் கால்மாடு என்று பிரிப்பதை அவர் கண்டிக்கிறார். விழா நாளில் முன்வரிசை நாற்காலிகளில் பெயர் ஒட்டுகிற கமிட்டிக்காரர்கள் அந்த நிருபத்தை வாசிக்காதவர்கள் அல்லர். பலர் அதைச் சபைக்கே மைக்கில் வாசித்துக் காட்டியவர்கள்.

உட்காருகிற இடத்தில் நம்மவர் காட்டிய அக்கறைக்குத் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் கல்லும் சுண்ணாம்புமாகவே ஆதாரம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே எழுந்த திருக்குடும்ப ஆலயம், கால்சட்டையின் இரு கால்களைப்போல் இரண்டு கூடங்கள் பிரிந்து ஒரே பீடத்தில் சேரும்படி கட்டப்பட்டது. சாதிக்கு ஒரு கூடம். இரு பக்கத்தாருக்கும் குருவானவர் தெரிவார். ஒரு பக்கத்தாருக்கு மறுபக்கத்தார் தெரியமாட்டார்கள். அயலானை நேசிக்கச் சொன்னதற்கு, அயலான் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி என்று எண்ணினார்கள் போலும். 1910-இல் பிரிவுச் சுவர் இடிபட்டபோது, உரிமை பறிபோனதென்று வழக்குப் போட்டு மெட்ராஸ் உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். திருச்சபையில் ஆசனம் பொது என்று சொல்ல வெள்ளைக்காரன் வைத்த நீதிமன்றம் தேவைப்பட்டது.

இங்கே வேதம் தெரிந்தவர்கள் எழுந்து, “இரட்சிப்பு விசுவாசத்தினால், கிரியையினால் அல்ல” என்பார்கள். கனமான ஆட்சேபம். லூத்தரே 1522-இல் எழுதிய முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று ஒதுக்கியவர். ஆட்சேபிப்பவர்கள் ஆதாரம் காட்டுவது எபேசியர் 2-ஆம் அதிகாரத்தின் 8, 9 வசனங்கள். அவை மனப்பாடம், 10-ஆம் வசனம் வருவதற்குள் எழுந்துவிடுவார்கள். நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று பவுல் சொல்வது அந்த 10-ஆம் வசனத்தில். நல்லவராய் நடந்து இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது, சரி; இரட்சிக்கப்பட்டுவிட்டதால் வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எந்த வசனமும் இல்லையே.

“நல்ல நடத்தை மற்ற மதத்தாரிடமும் உண்டே, அப்புறம் நமக்கென்ன தனிச்சிறப்பு?” என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயம். ஆனால் இதில் இயேசுவுக்குச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு ஆசாரியனும் லேவியனும் விலகிப்போக, சத்திரச் செலவுவரை ஏற்றுக்கொண்டவனாக அவர் காட்டியது சமாரியனை. அன்றைய யூதருக்கு ஆகாதவனை. பிறர் நல்லவராயிருப்பது நமக்குச் சலுகை ஆகாது.

ஆகையால், சேகரத் தேர்தலில் அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். அவர் வீட்டுப் பால்காரரிடம் பாக்கி எவ்வளவு என்று விசாரியுங்கள்.