முதலீட்டாளர், வயது 72

டெட்ராய்ட் புறநகரில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். கராஜில் இரண்டு கார் நிற்க இடமுண்டு. ஒன்றில் போர்வை போர்த்திய பழைய கார், மற்றொன்றில் அதன் உதிரி பாகங்கள். மனைவியின் கார் வெளியே பனியில். கேட்டால், "அது வெறும் வண்டி, இது முதலீடு" என்பார்.

முதலீடு என்பது 1970-ஆம் ஆண்டு செவர்லே ஷெவெல் எஸ்.எஸ். 454 கன அங்குல எஞ்சின், எல்.எஸ்.6 ரகம், 450 குதிரைத்திறன். அந்த ஆண்டு அவருக்கு 17 வயது. பக்கத்து வீட்டுப் பையன் அதில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வுட்வர்ட் அவென்யூவில் பறந்தபோது இவர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். முதலீட்டுக் காரணங்களைப் பட்டியலிடும்போது இதைச் சொல்லமாட்டார்.

சொல்லும் காரணங்கள் வேறு. 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங்கை 1974-இல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. 2020-இல் அது ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போனது. 2014-இல் ஒரு 1971 ஹெமி குடா கன்வர்ட்டிபிள் 35 லட்சம். அந்தக் குடா பிறந்ததே மொத்தம் 11தான், தன் ஷெவெலுக்கோ உடன்பிறப்புகள் ஆயிரக்கணக்கில் என்பதெல்லாம் அவருக்குச் சில்லறை விவரம். 2008 நெருக்கடியில் இந்தக் கார்களின் விலை விழுந்ததே என்று யாராவது எடுத்தால் காபி ஆறிவிடும் என்பார். விலைக் கையேட்டில் மதிப்பு ஏறிய மாதம் அதைச் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படிப்பார். இறங்கிய மாதம் கையேடு தபாலில் வரவே இல்லை.

காரின் விலையுயர்ந்த பாகம் எஞ்சின் அல்ல, ஒரு தாள். 1970 ஷெவெலின் வண்டி எண்ணை வைத்து அது எஸ்.எஸ்ஸா, கோடு போட்ட சாதாரண மாலிபுவா என்று சொல்ல முடியாது. எந்தெந்தப் பாகத்தைப் பூட்டவேண்டும் என்று தொழிற்சாலையில் கொடுத்த பட்டியல் கிடைத்தால் அதுதான் சாட்சி. தொழிலாளர்கள் வேலை முடிந்ததும் அதைப் பெட்ரோல் டேங்க்கின் மேலோ பின் இருக்கையின் சுருள்கம்பிக்குள்ளோ விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆகவே நம்மவர் மூட்டுவலியோடு மல்லாந்து படுத்து டேங்க்கைக் கழற்றினார். எலி பாதி தின்ற தாள் கிடைத்தது. எஞ்சின் குறியீடு மீதிப் பாதியில் இருந்தது. எலிக்கு இன்னும் இரண்டு வாய் பசித்திருந்தால் முதலீடு மாலிபுவாகியிருக்கும். இப்போது கார் கராஜில், தாள் வங்கி லாக்கரில்.

அடுத்தது புதுப்பித்தல். தொழிற்சாலையில் அவசரத்தில் அடித்த பெயிண்ட் எங்கே சிதறியது, சோதித்தவர் சாக்பீஸால் எங்கே கிறுக்கினார் என்று பழைய படங்களைத் தேடி, அதே சிதறலை, அதே கிறுக்கலை மறுபடி போடச் செய்தார். அன்று அலட்சியமாக நடந்த பிழைகளை இன்று நிதானமாக, மணிக்கூலி கொடுத்து நடத்தவேண்டும்.

இவ்வளவும் செய்தபின் ஓட்டுவாரா? ஓடும் ஒவ்வொரு மைலும் மதிப்பைக் குறைக்குமாம். ஆகஸ்டில் வுட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்துக்கு மட்டும் உற்சவமூர்த்திபோல டிரெய்லரில் எழுந்தருளும். இவர் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொடவரும் குழந்தைகளை அதட்டுவார். மற்ற மாதங்களில் எத்தனால் கலந்த பெட்ரோல் கார்ப்புரேட்டரைக் கெடுக்காமலும், பேட்டரி உயிர்விடாமலும், எலியின் வாரிசுகள் வயரைக் கடிக்காமலும் காவல்.

லாபக் கணக்கு எளிது: இன்றைய விலையில் வாங்கிய விலையைக் கழிக்கவேண்டும். இன்ஷூரன்ஸ், பெயிண்ட், டிரெய்லர் எல்லாம் "பராமரிப்பு". அந்தக் கணக்கு மனைவியின் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டை இவர் திறந்து பார்த்ததில்லை.

மகன் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு வந்திருந்தான். அவனுக்கு நிஸ்ஸான் ஸ்கைலைன் மேல் கண். 25 வயது தாண்டிய வெளிநாட்டுக் கார்களுக்கு இறக்குமதி விதிகளில் விலக்கு உண்டு என்பதால், அவன் சிறுவயதில் வீடியோ கேமில் ஓட்டிய கார்கள் இப்போது ஜப்பானிலிருந்து கப்பலேறுகின்றன.

"எனக்குப் பிறகு ஷெவெலை என்ன செய்வாய்?" என்றார் அப்பா.

"பிறகு எதற்கு, இப்போதே விற்றுவிடுங்கள் அப்பா. உங்கள் வயதுக்காரர்கள் இருக்கும்வரைதான் இதற்கு விலை."

ஆலோசனையில் குறை சொல்ல எதுவுமில்லை. இவர் வான்கோழியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "இந்தக் காலத்துப் பையன்களுக்கு எல்லாமே பணம்தான்" என்று மனைவியிடம் வருத்தப்பட்டார்.