பொம்மைத் தலையும் புது விரிவுரையாளரும்

கண்டியில் புத்தரின் ஒரு பல்லுக்கு மாளிகையே உண்டு. ஏனைய பற்களுக்குப் பேராதனையில் பீடம். 1943இல் கொழும்பில் தொடங்கிய பல் மருத்துவக் கல்வி 1954இல் மலையேறியது. (நல்ல அர்த்தத்தில்தான்!) மாணவர் உண்மையான பல்லைத் தொடுமுன் பொம்மைத் தலையின் வாய்க்குள் துளைத்துத் துளைத்துப் பழகியாக வேண்டும். விரிவுரையாளருக்கோ பொம்மை வகுப்பு கிடையாது. நேரே உயிருள்ள மாணவர்கள். கற்பித்தல் சான்றிதழ் வகுப்பு பிறகு, தகுதிகாண் காலத்தில் வரும். எந்த நாட்டிலும் அத்தகைய பயிலரங்குகளுக்குப் பிடித்த தலைப்பு 'விரிவுரையைக் குறைப்பது எப்படி?' அதை இரண்டு மணிநேர விரிவுரையாக நடத்துவதும் உலக வழக்கம். பின்வரிசையில் வாய்கள் தாமாகவே அகலத் திறக்கும்; கடைவாய்ப்பல் வரை தெரியும், விறைப்பூசியும் மிச்சம். கடைசியில் கருத்துப் படிவம். எல்லாரும் 'மிக நன்று' கட்டத்தில் சரி போட்டுவிட்டுப் பிளேன்டீக்கு எழும்பிவிடுவார்கள். அந்தச் சரிகளைக் கூட்டி அறிக்கை எழுத ஒரு குழு இருக்கும்.